கோப்டன் தெரு ஹின்டில் கடையின் மது உரிமம்: மாடிவீட்டுக்காரியின் மூன்றாம் மனு

அனுப்புநர்
நொரீன் டாட்டர்சால்,
14அ, கோப்டன் தெரு (ஹின்டில் கடைக்கு மேல்மாடி),
ஹார்ல்டன், லங்காஷயர்.

பெறுநர்
உரிமப் பிரிவு அலுவலர் அவர்கள்,
நகர மன்ற அலுவலகம்,
ஹார்ல்டன்.

பொருள்: கோப்டன் தெரு 14-ஆம் எண் ஹின்டில் கடையில் கள்ளச் சிகரெட் விற்றது தொடர்பாக அக்கடையின் மது உரிமத்தை மறுஆய்வு செய்வது – உரிமத்தை ரத்து செய்யக் கோருவதும், என் வசம் உள்ள சரக்கை உடனே எடுத்துச் செல்லக் கோருவதும்.

பார்வை: 1. பெயர் போடாத என் கடிதம், நாள் 11.10.2023. 2. பெயர் போட்ட என் கடிதம், நாள் 18.10.2023. 3. தங்கள் பதில், நாள் 25.10.2023.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருள் குறித்து நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டும் ஏற்கப்படாமல் போனதற்குத் தங்களைக் குறை சொல்ல மாட்டேன். முதல் கடிதத்தில் பெயர் இல்லை. அதை அனுப்பிய மறுநாள் தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, “யாரோ ஒருத்தர் பேர் போடாம ஒரு லெட்டர் போட்டிருந்தா அது என்ன ஆகும்?” என்று கேட்டேன். எடுத்த பெண், “அது குப்பைக்குத்தாம்மா போகும், அந்த யாரோ ஒருத்தர்கிட்ட சொல்லிடுங்க” என்றார். நல்ல பெண். இரண்டாவதில் பெயர் போட்டேன். ஆனால் என் கணவரின் நுரையீரலைப் பற்றியே இரண்டு பக்கமும் எழுதிவிட்டேன். உரிமச் சட்டத்தில் குற்றத் தடுப்பு, பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொல்லைத் தடுப்பு, சிறார் பாதுகாப்பு என நான்கு நோக்கங்களே உள்ளன என்றும், உடல்நலம் அவற்றில் இல்லை என்றும் தாங்கள் மரியாதையோடு பதில் எழுதியிருந்தீர்கள். சரி. சட்டத்தில் இல்லாத நுரையீரலை இந்த மனுவில் கூடியவரை தவிர்த்திருக்கிறேன்.

கடைக் கதவில் ஒட்டியுள்ள நீல அறிவிப்பின்படி நவம்பர் 6 வரை மனு கொடுக்கலாம். இதன் நகல் ஒன்று என் பெயர், முகவரியோடு கடைக்காரர் திரு. ரசல் ஹின்டிலுக்கும் போகும் என்பதை அறிவேன். அவருடைய கடைக்கதவும் என் மாடிப்படிக் கதவும் ஒரே நிலையை ஒட்டியவை. அவருக்கு வரும் நகலையும் எனக்கு வரும் தங்கள் பதிலையும் தபால்காரர் ஒன்றாகவே கொண்டுவருவார்.

1. நான் பள்ளிச் சமையலறையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவள். என் கணவர் லெஸ்லி, ஊரில் எல்லோருக்கும் லெஸ், பஸ் ஓட்டுநராக இருந்தவர். இந்த வீட்டில் பதினேழு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். வீடு வீட்டுவசதிக் கழகத்துடையது. ரசலுக்கும் எங்களுக்கும் வாடகைச் சண்டை எதுவும் இல்லை. சொந்தப் பகையால் எழுதுகிறேன் என்று அவருடைய வழக்கறிஞர் சொன்னால், அது உண்மையில்லை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

2. ரசல் கடையில் கள்ளச் சிகரெட் விற்கிறார் என்பது இந்தத் தெருவில் புதிய செய்தி அல்ல. “பின்பக்கம் ஏதாவது இருக்கா?” என்று கேட்டால் போதும். குளிர்பெட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பார். முறையான பாக்கெட் விலையில் பாதிகூட ஆகாது. நானே நான்கு ஆண்டுகள் லெஸுக்காக வாங்கியிருக்கிறேன். வெளிநாட்டு எழுத்து அச்சிட்ட பாக்கெட்டை ரொட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு படியேறியபோது நான் பெரிய குற்றம் செய்வதாக நினைத்ததில்லை. சிக்கனம் என்றே நினைத்தேன்.

3. இந்த ஆண்டு ஜூலை முதல் வாரத்தில் லெஸ் புகைப்பதை நிறுத்தினார். மருத்துவமனைத் தாதி கொடுத்த நிக்கோட்டின் பட்டையைத் தோளில் ஒட்டிக்கொண்டு, வீட்டில் இருந்த எல்லோரையும், அதாவது என்னை, நாள் முழுக்கத் திட்டிக்கொண்டு நிறுத்தினார். அதன்பின் நான் ரசலிடம் பின்பக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

4. ஆகஸ்டு 15, செவ்வாய்க்கிழமை, முற்பகல் சுமார் பதினோரு மணிக்கு வணிகத் தர ஆய்வுத் துறையினர் மோப்ப நாயோடு கடைக்கு வந்தார்கள். அப்போது நான் கடையில் இருந்தேன். எங்கள் மின்சார மீட்டர் முன்பணம் போட்டால்தான் ஓடும்; அதன் சாவியில் பணம் ஏற்ற வந்திருந்தேன். எனக்குப் பின்னால் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். வண்டி வந்து நிற்பதை ஜன்னல் வழியாக ரசல் பார்த்தார். என் சக்கரப் பையைக் கல்லாவுக்குப் பின்னால் இழுத்தார். அரை நிமிடத்தில் திருப்பித் தந்தபோது மேலே ஒரு மூட்டை உருளைக்கிழங்கு இருந்தது. “உங்க உருளைக்கிழங்கு, நொரீனம்மா. கனமா இருக்கும், பாத்து இழுங்க” என்றார்.

நான் உருளைக்கிழங்கு கேட்கவில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டும். நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் ஒரு மனிதரிடம் “இது என்னுடையது இல்லை” என்று சொல்வது நாகரிகமில்லை என்று தோன்றியது. ஆகவே “தேங்க்ஸ், ரசல்” என்று சொல்லி இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

5. வாசலில் அந்த நாய் என் பையின் முன்னால் வந்து உட்கார்ந்தது. நகரவே இல்லை. அதைப் பிடித்திருந்த ஆய்வாளர், இளைஞர், வெட்கப்பட்டு, “மன்னிச்சுக்கோங்கம்மா, இவனுக்கு வயசானவங்களைக் கண்டா ரொம்பப் பிரியம்” என்று சொல்லி அதை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். யாரையும் மாட்டிவிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அன்று தன் கடமையை ஒழுங்காகச் செய்தது அந்த நாய் ஒன்றுதான் என்பது பதிவாக வேண்டும்.

6. மாடிக்கு வந்து திறந்து பார்த்தேன். உருளைக்கிழங்குக்கு அடியில் பத்துப் பாக்கெட் அடங்கிய நீளப் பெட்டிகள் பதினெட்டு இருந்தன. கடையில் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது பதினோரு பாக்கெட் மட்டுமே. இப்போது ரசல் கல்லாவில் நின்றுகொண்டு எல்லோரிடமும் சொல்வது இது: “பதினோரே பதினோரு பாக்கெட்டு. என் சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்தேன். அதுக்குப்போய் என் கடையையே மூடப் பாக்குறாங்க.” வழக்கறிஞரும் இதையே எழுதிக் கொடுத்திருப்பதாகக் கேள்வி. ரசல் புகைப்பதில்லை. அவருடைய அப்பா இறந்த ஆண்டே விட்டுவிட்டார். அந்தச் சவ அடக்கத்துக்கு நான்தான் சாண்ட்விச் செய்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே அந்தப் பூசணிக்காய் என் படுக்கையறை அலமாரியில், குளிர்காலக் கோட்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது.

7. அன்று மாலையே வந்து எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். வரவில்லை. அடுத்த வாரம் பால் வாங்கும்போது ஜாடையாகக் கேட்டேன். “கொஞ்சம் சூடு ஆறட்டும் தாயி. உங்க வீட்டை யாரு சந்தேகப்படப் போறா?” என்றார். வீட்டை யாரும் சந்தேகப்படவில்லைதான். ஆனால் வீட்டுக்குள் லெஸ் இருந்தார்.

8. எந்த நாளில் கண்டுபிடித்தார் என்று எனக்குத் தெரியாது. செப்டம்பர் தொடக்கத்தில் மழை நாளிலும் முன்னறை ஜன்னல் திறந்திருந்ததைக் கவனித்தேன். அவர் என்னைத் திட்டுவதும் குறைந்திருந்தது. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பெட்டிகள் எப்படி வந்தன என்று அவர் திருப்பிக் கேட்டிருப்பார்.

9. செப்டம்பர் 7, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணிக்கு நான் மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன், லெஸுக்கு அடுத்த மாதத்துக்கான நிக்கோட்டின் பட்டைகள் வாங்குவதற்காக. அவர் முன்னறையில் சாய்வு நாற்காலியில் குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனார். கையில் இருந்த சிகரெட் நாற்காலி இடுக்கில் விழுந்தது. நாற்காலியும் திரையும் கம்பளத்தில் பாதியும் எரிந்தன. லெஸின் வலது தொடையும் வலது கையும் எரிந்தன. உள்ளே போன புகையைப் பற்றி எழுத மாட்டேன், அது உடல்நலம்.

பொதுமக்கள் பாதுகாப்பு என்ற இரண்டாம் நோக்கத்துக்கு இது பொருந்தும் என நம்புகிறேன். தீயணைப்பு அலுவலர் அந்தப் பாக்கெட்டை என்னிடம் காட்டிச் சொன்னதை அப்படியே தருகிறேன்: “முறையா விக்கிற சிகரெட்டுன்னா இழுக்காம வச்சா தானா அணைஞ்சிடும்மா. சுத்தியிருக்குற பேப்பர்லயே அதுக்கு ஏற்பாடு இருக்கு. இது அப்படி இல்ல, கடைசிவரைக்கும் எரியும். இந்த வருஷம் இது எனக்கு மூணாவது நாற்காலி.” எங்கிருந்து வாங்கியது என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன். அந்தப் பொய்யையும் இந்த மனுவின் மூலம் திரும்பப் பெறுகிறேன்.

10. இனி எழுதப்போவதை விட்டுவிட்டால் என் மனு வலுவாக இருக்கும். ஆனால் பொய்யாகிவிடும். எரிகிற அறையிலிருந்து என் கணவரை வெளியே இழுத்துவந்தவர் ரசல் ஹின்டில்தான். கீழே கடையில் புகைநாற்றம் வந்ததும் கல்லாவைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடிவந்து, என் கதவைத் தோளால் இடித்துத் திறந்து, லெஸைப் படிக்கட்டில் சுமந்து இறக்கியிருக்கிறார். அதில் வெந்துபோன ரசலின் இரண்டு கையிலும் கட்டு. நான் திரும்பி வந்தபோது நடைபாதையில் தன் கோட்டை லெஸுக்குப் போர்த்திவிட்டு, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் பாலும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு மேலே வந்தார். காசு வாங்கவில்லை. லெஸ் எப்படி இருக்கிறார் என்று கேட்டார், உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். டீ குடித்தார். எழுந்து போகும்போது கதவருகில் நின்று, “அந்தப் பை... அதுக்கு ஒண்ணும் ஆகலைல்ல?” என்றார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நினைக்கிற ஆள் இல்லை அவர். இருந்தும் கேட்டார். எனக்கு அப்போது வந்த கோபத்தை நான் எங்கும் காட்டவில்லை. “எல்லாம் எரிஞ்சு போச்சு, ரசல்” என்றேன். அவர் கண் கலங்கியது. எதற்காகக் கலங்கியது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

11. மூன்றாம் நோக்கமான பொதுத் தொல்லை குறித்துச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கடை அமைதியான கடை. நான்காம் நோக்கமான சிறார் பாதுகாப்பு பற்றித் தங்கள் படிவத்தில் நிறைய இடம் விட்டிருக்கிறீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கிறார் என்று எழுதினால் உரிமம் நிச்சயம் போகும் என்று எனக்கு ஒருவர் யோசனை சொன்னார். நான் பார்த்ததில்லை. பார்க்காததை எழுத மாட்டேன்.

12. கடைக்கு ஆதரவாக நூற்று நாற்பது கையெழுத்துகளோடு ஒரு மனு தங்களுக்கு வந்திருக்கும். அதைத் திரட்டியவர் எங்கள் எதிர்வீட்டு பெவர்லி. அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை: “இந்தக் கடையும் போச்சுன்னா ஒரு பாட்டில் பாலுக்கு ரெண்டு பஸ் மாறணும். மீட்டர் சாவிக்கு எங்க போவ? பனி கொட்டினப்ப வீடு வீடா ரொட்டி கொண்டுவந்து குடுத்தது நகர மன்றமா, ரசலா?” பிறகு இதையும் கேட்டார்: “சிகரெட்டு வித்ததுக்கு பீர் லைசென்ஸைப் புடுங்குறதாம். செருப்பு கடிச்சா தலையிலயா கட்டுப் போடுவாங்க?”

பெவர்லி கேட்டதற்கான விடை எனக்குத் தெரியும். தங்கள் அலுவலகப் பெண் எனக்கு விளக்கியிருந்தார்: சிகரெட் விற்க இந்த நாட்டில் உரிமமே தேவையில்லை, ஆகவே பறிப்பதற்கும் ஒன்றுமில்லை. மது உரிமம் ஒன்றுதான் நகர மன்றத்தின் கையில் இருக்கும் குடுமி. பீரும் ஒயினும் இல்லாமல் கடை ஆறு மாதம் தாங்காது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

13. அந்த ஆதரவு மனுவில் இருபத்து மூன்றாவதாக உள்ள கையெழுத்து என்னுடையது. யாரும் போலியாகப் போட்டதல்ல. பெவர்லி பேனாவை நீட்டினார், கட்டுப்போட்ட கைகளோடு ரசல் பார்த்துக்கொண்டிருந்தார், நான் போட்டேன். வீட்டுக்கு வந்து இந்த மேசையில் உட்கார்ந்து தங்களுக்கு முதல் கடிதத்தை எழுதினேன். இருபத்து மூன்றாம் எண்ணை அடித்துவிட வேண்டுகிறேன். ஒரே ஆள் இரண்டு பக்கமும் நிற்பது தங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். எனக்குச் சோர்வாக இருக்கிறது.

14. மறுஆய்வு விசாரணை நவம்பர் 28 என்று தெரிவித்திருக்கிறீர்கள். ரத்து என்று தீர்ப்பானாலும் மேல்முறையீட்டுக்கு இருபத்தொரு நாள் உண்டு, அதுவரை கடை வழக்கம்போல நடக்கும் என்றும் அறிகிறேன். லெஸை நவம்பர் 10, வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்குள் ஒன்பது வாரம் ஆகிவிடும். கையை மடக்கப் பழகிவிட்டார்; ஒரு தடியோடு படி ஏறலாம், இறங்கலாம் என்று மருத்துவர் மகிழ்ச்சியோடு சொன்னார். படி இறங்கினால் முதலில் வருவது ரசலின் கதவு. இன்னொரு முறை தாங்காது என்பதையும் அதே மருத்துவர்தான் சொன்னார். அது உடல்நலம் என்பதால் விரிவாக எழுதவில்லை.

ஆகவே நான் கோருவது:

(அ) மேலே 4 முதல் 7 வரையிலான பத்திகளில் சொன்னவற்றை என் சாட்சியமாக ஏற்று, விசாரணையில் என்னை அழைக்க வேண்டுகிறேன். ரசல் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் சொல்வேன் என்று நினைக்கிறேன். முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் சொல்லாமல் பின்வாங்க முடியாது என்பதற்காகவே இத்தனை விவரமாக எழுதுகிறேன்.

(ஆ) ஹின்டில் கடையின் மது உரிமத்தை ரத்து செய்ய வேண்டுகிறேன். எச்சரிக்கையோ மூன்று மாத நிறுத்தி வைப்போ போதாது. ரசல் நல்லவர், அவர் தப்பு செய்வது யாரும் பார்க்காதபோது மட்டும்தான். தெருவில் நாங்கள் யாரும் பார்க்க மாட்டோம்.

(இ) சரக்கை மறைத்து வைத்ததற்காக என் மீது எடுக்க வேண்டிய நடவடிக்கை எதுவோ, அதை எடுக்கலாம். நான் மறுக்கப் போவதில்லை.

(ஈ) எல்லாவற்றையும்விட அவசரமாக: என் அலமாரியில் உள்ள பதினேழு முழுப் பெட்டிகளையும், உடைத்த ஒன்றில் மீதமுள்ள நான்கு பாக்கெட்டுகளையும் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஆள் அனுப்பி எடுத்துச் செல்ல வேண்டுகிறேன். 9-ஆம் தேதி வியாழன் வரை தினமும் பிற்பகல் நான்கு மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பேன். அதற்கு முன் மருத்துவமனையில். வாசல் மணி எரிந்துபோனதால் கதவைத் தட்டவும். சீருடையில் வந்தாலும் பரவாயில்லை.

இவற்றை நானே குப்பையில் போடலாமே என்று தாங்கள் கேட்பீர்கள். சாட்சிப் பொருள் என்பதால் வைத்திருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதுவும் உண்மைதான், ஆனால் அது மட்டுமே உண்மை இல்லை. நேற்று மாலை லெஸ் மருத்துவமனையிலிருந்து பேசினார். குரல் இன்னும் சரியாக வரவில்லை. “வெள்ளிக்கெழம வந்ததும் ஒண்ணே ஒண்ணுடி. ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டே குடிக்கிறேன், உக்காரவே மாட்டேன். கோட்டுக்குப் பின்னாடி பாரு, இன்னும் இருக்கும். எடுத்து வச்சிருப்பியா?” என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன், ஐயா. மணமாகி நாற்பத்து நான்கு ஆண்டுகளில் அவரிடம் வேறெதுவும் சொன்னதில்லை. இங்கே இருந்தால் எடுத்துக் கொடுப்பேன். இங்கே இல்லாவிட்டால் கீழே போய் வாங்கிவந்து கொடுப்பேன். இரண்டு இடத்திலும் அது இல்லாமல் போக வேண்டும். முடியாது என்று சொல்ல எனக்கு வரவில்லை. என் சார்பில் தாங்கள் அதைச் சொல்லுமாறு தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: மேற்படி பாக்கெட் ஒன்றின் வெற்று உறை.

இதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பேற்று, இந்த முறை என் முழுப் பெயரோடு,

(ஒப்பம்)
நொரீன் மேரி டாட்டர்சால்

இடம்: ஹார்ல்டன்
நாள்: 02.11.2023